ஐந்தாவது பொருள்

ஜூன் 2, திங்கள்

இரண்டு மாதம் தினமும் எழுதச் சொல்லி டாக்டர் ரெஜினா தாள் கொடுத்திருக்கிறார். தூக்கம், சாப்பாடு, மனநிலை, குறிப்பு என்று நான்கு பத்திகள். மனநிலைக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். பத்து நல்லதா கெட்டதா என்று தாளில் எங்கும் இல்லை. கேட்டேன்.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்.

அப்படியானால் இதுவரை யார் போட்ட மதிப்பெண்ணுக்கும் பொருளில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பத்து என்றால் நல்லது என்று முடிவாயிற்று.

எனக்கு முப்பத்தெட்டு வயது. முப்பத்து நான்கில் ஆட்டிசம் என்று ஒரு பெயர் கிடைத்தது. இப்போது இரண்டாவது பெயர் வரும்போலிருக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய எட்டு நாள் எனக்குள் வேறு யாரோ குடிவருவதற்கு மருத்துவத்தில் நான்கு ஆங்கில எழுத்துகள் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களை அடிக்கடி பார்ப்பதாக டாக்டர் சொன்னார். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

இந்தத் தாளுக்கு அண்ணன் சென்னியப்பனிடம் வேறு மதிப்பு. நான் தனியாக இருக்கலாம் என்று இரண்டு மாதம் கழித்து டாக்டர் சொன்னால், இனி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் இந்தக் கோயமுத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் அவர் வீட்டு மாடி அறைக்குப் போய்விடவேண்டும். நானும் ஒப்புக்கொண்டேன்.

எல்லாம் போன அக்டோபர் மாடி விஷயத்தால் வந்தது. மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இறங்கி வர நேரமாகிவிட்டது. அவ்வளவுதான்.

இன்று மாதவிலக்கின் முதல் நாள். வயிற்று வலி. மனநிலை 7.

ஜூன் 8, ஞாயிறு

அண்ணனும் லலிதாமணி அண்ணியும் வந்தார்கள். என் எட்டு நாட்கள் எப்போது வரும் என்று குடும்பத்துக்குத் தெரிந்திருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இரண்டு மாத அட்டவணையை ஒரே தாளில் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அழியாத மார்க்கர். மோசமான நாட்களின் கட்டங்களுக்கு மஞ்சள் அடித்தேன். ஜூன் 22 முதல் 29 வரை, பிறகு ஜூலை 20 முதல் 27 வரை. அண்ணன் அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இருபத்தெட்டு நாள் அச்சடிச்சாப்ல வருமா பாப்பா?"

"குறிக்க ஆரம்பிச்ச பதினேழு வருஷமா வருது."

"ரயிலே அப்படி வர்றதில்ல" என்றார் அண்ணி.

அண்ணி எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தார். மூன்று மாதம் விடாமல் தின்றால் எல்லாம் சரியாகிவிடுமாம். எதுவெல்லாம் என்று கேட்டேன். எல்லாம் என்றார். பிறகு பாத்திரம் கழுவி அடுக்கினார். அவர்கள் போனபின் எண்ணிப் பார்த்தேன். பதினொரு பொருள்கள் இடம் மாறியிருந்தன. அண்ணி அடுக்கினால் புயல் அடுக்கியது மாதிரி. அதில் உள்நோக்கம் இருக்காது. அரைமணி நேரத்தில் சரி செய்தேன்.

அண்ணன் போகும்போது வழக்கம்போல ஆரஞ்சு மிட்டாய் ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார். சின்ன வயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. நான் பள்ளி விட்டு வருவதற்குள் என் அலமாரியில் ஐந்து பொருள்களை இடம் மாற்றி வைப்பார். பென்சிலின் முனை வலப்பக்கம் இருந்தால் இடப்பக்கம் திருப்புவார், அந்த அளவுக்கு. ஐந்தையும் சொன்னால் ஒரு ஆரஞ்சு மிட்டாய். மற்றப் பிள்ளைகளோடு நான் விளையாடியதில்லை. இதில் தோற்றதில்லை.

மனநிலை 8. மிட்டாய்க்கு ஒன்று கூட்டியிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

வேலை. நான் ஒரு கல்லூரியின் உலர்தாவரக் காப்பகத்தில் இருக்கிறேன். நூறு வருடத்துக்கு முன் பறித்த செடிகளைத் தாளில் தைத்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் பெயரும் ஊரும் சரிதானா என்று பார்ப்பது என் வேலை. உலகத்திலேயே ஒழுக்கமான உயிரினம் செத்த செடிதான். வைத்த இடத்தில் இருக்கும்.

மனநிலை 8.

ஜூன் 22, ஞாயிறு

மஞ்சள் தொடங்கியது. காலையில் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டி முதுகில் குத்தியது. நேற்றும் அதே ஜாக்கெட்தான். பக்கத்து வீட்டு மிக்ஸி என் பற்களுக்குள் ஓடியது. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரின் யோசனைப்படி செய்யவேண்டியவை: முடிவு எதுவும் எடுக்காதே, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடு, ஒரே துணியை உடுத்து, சத்தத்தைக் குறை. தயிர்சாதம். தயிர்சாதம். தயிர்சாதம்.

மனநிலை 4.

ஜூன் 25, புதன்

வேலையிலிருந்து ஐந்தே முக்காலுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் வீடு யாரோ பார்த்துவிட்டுப் போன முகம் மாதிரி இருந்தது.

அம்மாவின் பெயர் வெட்டிய டம்ளர் எப்போதும் பெயர் தெரிய நிற்கும். பெயர் சுவரைப் பார்த்து நின்றது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் கிண்ணம் மாறியிருந்தன. செருப்பு ஸ்டாண்டில் வீட்டுச் செருப்பு இடது வலது மாறி இருந்தது. புத்தக அலமாரியில் தாவரப் பெயர் அகராதி தலைகீழாக நின்றது. தேதி கிழிக்கும் காலண்டரில் 26.

ஐந்து.

மார்ச்சிலும் இப்படித்தான் நடந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும். எப்போதும் அந்த எட்டு நாட்களில்தான். அட்டவணை வருவதற்கு முன், அந்த நாட்கள் தொடங்கியதும் அண்ணனுக்கு ஃபோனில் சொல்லிவிடுவேன். அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"நீயே மாத்தி வெச்சிருப்ப பாப்பா. அந்த நாள்ல உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

"நான் கடுகையும் சீரகத்தையும் மாத்த மாட்டேன்."

"நீ மாத்த மாட்ட. அந்த எட்டு நாள்ல இருக்கறவ மாத்துவா. நீதான சொன்ன, யாரோ குடிவர்றான்னு?"

நான் சொன்னதுதான். உவமைகளை இனி யோசித்துச் சொல்லவேண்டும்.

"அதுக்குத்தான் தனியா இருக்க வேண்டாங்கறேன்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஜலதோஷமாக இருக்கலாம்.

மனநிலை 2. குறிப்பு என்ற பத்தியில் ஐந்தையும் எழுதினேன். இடமில்லாமல் ஓரத்தில் எழுதவேண்டியதாயிற்று.

ஜூன் 27, வெள்ளி

அழுதேன். காரணம்: 1931ல் பறித்த ஒரு தும்பைச் செடியின் தாளில் ஊர்ப் பெயர் இல்லை. எங்கிருந்தோ கொண்டுவந்து, எங்கிருந்து என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கழிப்பறையில் நாற்பது நிமிடம் அழுதேன். வெளியே வந்தபோது கண்காணிப்பாளர், "தலைவலியாங்க?" என்றார். தும்பை என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

இரவு படுத்தபின் தோன்றியது: இந்த வீட்டில் இன்னொருத்தி இருந்து, அவளும் நானும் ஒரே உடம்பை ஷிப்ட் முறையில் பயன்படுத்துகிறோம் என்றால், எனக்கு அவள்மேல் புகார் ஒன்றுதான். பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியவில்லை.

மனநிலை 2.

ஜூன் 30, திங்கள்

காலை ஆறு பத்துக்கு உதிரம் வந்துவிட்டது. எட்டு மணிக்குள் உலகம் பழையபடி ஆகிவிட்டது. ஜாக்கெட் வெறும் ஜாக்கெட். மிக்ஸி வெறும் மிக்ஸி. நேற்றுவரை சாகவேண்டும் போலிருந்ததற்கெல்லாம் இன்று காரணம் தேடினால் ஒரு பருக்கைகூட இல்லை.

மனநிலை 7.

ஜூலை 12, சனி

தூக்கமில்லை. தண்ணீர்க் குழாயின் சொட்டு உச்சந்தலையில் விழுகிறது. அட்டவணைப்படி இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அட்டவணை தவறாது. எனவே இது வேறு ஏதோ. மனநிலை 4.

ஜூலை 15, செவ்வாய்

மிக மோசம். வேலைக்குப் போகவில்லை. ஃபோனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். இந்த வீடு வேண்டாம், வேலை வேண்டாம், இந்தத் தோல் வேண்டாம். திருப்பூருக்கே போய்விடுகிறேன் என்று அண்ணனுக்குச் சொல்ல நினைத்தேன். ஃபோன் அரிசிக்குள் இருந்ததால் சொல்லவில்லை.

பொருள்களை மூன்று முறை எண்ணினேன். டம்ளர், கடுகு, செருப்பு, அகராதி எல்லாம் அதனதன் இடத்தில். காலண்டர் மட்டும் 16 காட்டுகிறது. காற்றாக இருக்கும். ஆடி வருவதற்கு முன்பே ஜன்னலெல்லாம் அடித்துக்கொள்கிறது.

மனநிலை 1.

ஜூலை 17, வியாழன்

1.

ஜூலை 20, ஞாயிறு

இன்று மஞ்சளின் முதல் நாள். இன்று காலையே உதிரம் வந்துவிட்டது. எட்டு நாள் முன்னதாக. பதினேழு வருடத்தில் முதல் முறை. டாக்டருக்கு மட்டும் செய்தி அனுப்பினேன். "நடக்கறதுதான், பதட்டப்படாதீங்க. எழுதிட்டே இருங்க" என்று பதில் வந்தது.

ஃபிரிட்ஜில் உள்ள தாளைத் திருத்தவில்லை. அழியாத மார்க்கர். அடித்துத் திருத்தினால் அசிங்கமாகிவிடும். மாதம் முடிந்ததும் புதிதாகப் போடலாம். அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஃபோனில் உள்ள படமும் தப்பாகிவிடும்.

மனநிலை 6. நாளை 8 ஆகும்.

ஜூலை 22, செவ்வாய்

மனநிலை 8. தலை கழுவிவைத்த சிலேட்டுப் பலகை மாதிரி இருக்கிறது. நல்ல பசி. பகலில் பெயரில்லாத மூன்று செடிகளுக்குப் பெயர் கண்டுபிடித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஐந்து நாற்பதுக்குக் கதவைத் திறந்தேன்.

அம்மாவின் டம்ளர் சுவரைப் பார்த்து நின்றது.

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். பிறகு எண்ணினேன். சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி. தலையணை உறையின் திறந்த வாய் கதவுப் பக்கம். சோப்பு டப்பாவில் சோப்பின் எழுத்து கீழே. டம்ளரோடு நான்கு.

ஐந்தாவதைத் தேடினேன். இரண்டு மணி நேரம் தேடினேன். காலண்டர்கூட சரியாக 22ல் இருந்தது. ஐந்தாவது இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஃபிரிட்ஜ் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசித்தேன். என் மனம் கெட்டுக்கிடந்த எட்டு நாளில் எதுவும் நகரவில்லை. மனம் தெளிந்தபின் நகர்கிறது. ஆனால் தாளில் இன்று மஞ்சள். ஆக, இங்கே வருவது எதுவானாலும் அது என் உடம்பைப் பார்த்து வரவில்லை. தாளைப் பார்த்து வருகிறது. பேய் பிசாசுக்கு உதிர வாசனை தெரியும் என்பார்கள். அட்டவணை பார்த்து வேலைக்கு வரும் பேய் அரசாங்கத்தில்கூடக் கிடையாது.

தாளைப் பார்த்தவர்கள் நான்கு பேர். நான், டாக்டர், அண்ணி, இன்னொருவர். டாக்டரிடம் சாவி இல்லை. அண்ணி மாற்றினால் பதினொன்று மாறும். சோப்பின் எழுத்து மேலே இருக்கவேண்டும் என்பது அண்ணிக்குத் தெரியாது. அது தெரிந்த கை.

கீழே வாட்ச்மேன் ஆறுச்சாமி இருக்கிறார். ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்கவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை. எனக்கு மூன்று மாடி இறங்க முடியாமலில்லை.

ஜூலை 23, புதன்

வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜில் அட்டவணைக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

"1. டம்ளர். 2. கடிகாரம். 3. தலையணை. 4. சோப்பு. நான்கு கண்டுபிடித்துவிட்டேன். ஐந்தாவது எது?"

மாலை வந்தபோது எழுதியபடியே இருந்தது. யாரும் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

யாரும் வரவில்லை. கேள்வி எழுதி வைத்த வீட்டுக்குள் நுழைவது, யாரும் இல்லாவிட்டாலும், தேர்வு அறைக்குள் நுழைவது மாதிரி இருக்கிறது. மனநிலை 7.

ஜூலை 25, வெள்ளி

கேட்டில் ஆறுச்சாமி எழுந்து நின்றார். "அண்ணன் இன்னைக்கு வந்த வேகத்துலயே போயிட்டாருங் அம்மிணி. எப்பவும் ஒரு மணி நேரமாச்சும் இருப்பாரு. ஒடம்பு சரியில்லீங்களா?"

தெரியவில்லை என்றேன். மூன்று மாடி ஏறினேன்.

எதுவும் நகரவில்லை. தாள் மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தது. அதன்மேல் ஒரு ஆரஞ்சு மிட்டாய். பக்கத்தில் என் வீட்டின் இன்னொரு சாவி.

மிட்டாயைத் தின்னவில்லை. எறியவும் இல்லை. நான்குக்கு மிட்டாய் கிடையாது என்பது விதி.

மனநிலை என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோடு போட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

டாக்டர் ரெஜினா இரண்டு மாதத் தாள்களையும் மேசையில் பரப்பினார். மனநிலைப் பத்தியில் ஒரு விரலை வைத்தார். குறிப்புப் பத்தியில் இன்னொரு விரலை வைத்தார். ஜூனில் இரண்டு விரலும் ஒன்றாக நகர்ந்தன. ஜூலையில் பிரிந்தன.

"வேணி, இதை உங்க அண்ணன் பார்த்தாரா?"

"எழுதினதைப் பார்க்கல."

"உங்க வியாதி உண்மை. மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா இந்தக் குறிப்பு உங்க வியாதி இல்ல." மாத்திரைச் சீட்டை எழுதி என் பக்கம் நகர்த்தினார். "தனியா இருக்கலாமான்னு அவர் கேட்டா, இருக்கலாம்னு சொல்வேன். அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கணும். அக்டோபர்ல என்ன நடந்துச்சு?"

துணி எடுக்கப் போனேன் என்றேன்.

அவர் எழுதிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். எனக்குத் தயிர்சாதம் மட்டும் தனி டப்பாவில். அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. "டாக்டர் என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார். இருக்கலாம் என்று சொன்னதைச் சொன்னேன். "அப்ப சரி, எள்ளுருண்டை வேல செஞ்சிருச்சு" என்று சமையலறைக்குள் போய்ப் புயலாக அடுக்கத் தொடங்கினார்.

அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பனியன் கம்பெனியில் இருநூறு பேரை மேய்க்கும் ஆள். என் வீட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார்.

"நீ பயந்து எங்கூட வந்துருவேன்னு நெனச்சேன்" என்றார், தரையைப் பார்த்து.

"பயந்தேன்."

"தெரியும். தப்புதான். பெரிய தப்பு."

"எதுக்கு?"

"அன்னிக்கு அக்டோபர்ல, நான் கேட்டுக்குள்ள வண்டியத் திருப்பறேன், நீ மேல நிக்கற. கைப்பிடிச் சுவர்மேல."

"துணி எடுக்கப் போனேன்."

"கொடியில துணியே இல்ல பாப்பா. மழ பேஞ்சுட்டு இருந்துச்சு."

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் அண்ணி.

மழை பெய்தது உண்மை. அதை நான் இதுவரை எங்கும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். மழை பெய்தது. துணி இல்லை.

எழுந்துபோய் மொட்டை மாடிக் கதவின் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். மேல் மாடியில் குடியிருப்பதால் என்னிடம் ஒன்று இருக்கும். "ஆறுச்சாமிகிட்ட குடுத்துடுங்க. மஞ்சள் நாள்ல நான் கேட்டாலும் தரக்கூடாதுன்னு சொல்லுங்க. அந்த நாள்ல தினம் ஏழு மணிக்கு நான் ஃபோன் பண்றேன். பண்ணலைன்னா நீங்க வாங்க. கதவத் தட்டிட்டு வாங்க."

தலையாட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது கேட்டேன். "ஐந்தாவது எது? நான் தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

"எந்த அஞ்சாவது?"

"இந்தத் தடவ நாலுதான் இருந்துச்சு. மத்த மாசமெல்லாம் அஞ்சு."

அவர் என்னைப் பார்த்தார். "நான் எப்பவும் நாலுதான் மாத்துவேன் பாப்பா."

"சின்ன வயசுல?"

"அப்பவும் நாலுதான். அஞ்சாவதுக்கு எனக்குப் பொறும இருந்ததில்ல. நீ எப்படியும் அஞ்சு சொல்லிருவ. நான் மிட்டாயக் குடுத்துட்டு விளையாடப் போயிருவேன்."

அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டு, "என்ன அண்ணனும் தங்கச்சியும் வாய்ப்பாடு ஒப்பிக்கறீங்க?" என்றார்.

அவர்கள் போனபின் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 25: டம்ளர், கடுகு, செருப்பு, அகராதி, காலண்டர். ஜூலை 15, யாருமே வராத நாள்: காலண்டர்.

ஆகஸ்ட் 13, புதன்

புதிய அட்டவணைப்படி மஞ்சளின் ஐந்தாம் நாள். இந்தத் தடவை உடம்பும் தாளும் ஒத்துப்போகின்றன. தயிர்சாதம். காதுமூடி. மாத்திரை. இன்று மூன்று முறை வேலையை ராஜினாமா செய்தேன், மூன்றும் மனதுக்குள். மாலையில் கால்கள் மாடிப்படி ஏறி மொட்டை மாடிக் கதவின் பூட்டைப் பார்த்துவிட்டுத் தாமாக இறங்கி வந்தன. கீழே போய்க் கேட்கவில்லை.

வீட்டுப் பூட்டை மாற்றியாயிற்று. இரண்டு சாவியும் என்னிடம். வீட்டுக்குள் என்னைத் தவிர யாரும் வரவில்லை. டம்ளர், கடுகு, செருப்பு, அகராதி, கடிகாரம், தலையணை, சோப்பு. எல்லாம் அதனதன் இடத்தில்.

காலண்டரில் 14.

குப்பைக் கூடையில் இன்றைய தேதி நான்காக மடித்து, ஓரத்தோடு ஓரம் பிசகாமல் கிடந்தது. நான் மடிக்கும் விதத்தில். கிழித்த நினைவு இல்லை. இந்த நாள் முடிந்துபோனால் போதும் என்று காலையில் நினைத்தது நினைவிருக்கிறது.

அவள் மடித்ததைப் பிரித்து, 14ன் மேல் பசை தடவி ஒட்டினேன். மறுபடி 13. அப்படியே ஏழு மணியாயிற்று. ஃபோன் செய்தேன்.

"எத்தன?" என்றார் அண்ணன்.

"ஒண்ணு."

திருப்பூரில் ஏதோ மெஷின் ஓடி நின்றது.

"சரி" என்றார். "சாப்ட்டியா?"

மனநிலை 2.